வயது: 0

விண்ணப்பத்தில் வயதுக்கான கட்டம்
ஆண்டுகளை மட்டுமே ஏற்கும்.
மூன்று மாதக் குழந்தைக்கு
கணினி பூஜ்யம் போட்டிருந்தது.
தகப்பன் பெயர் லேபிளில் இடமில்லாமல்
'தவசிமு'வோடு நின்றுவிட்டது.
மேல்தாடை, முன்பக்கம். அவசரம்.

மஸ்கட்டில் பதினோரு வருடமாகத்
திசு வெட்டுகிறேன்.
ஃபார்மலின் குப்பியைத் திறந்ததும்
கை ஒரு நொடி நின்றது.
பட்டாணி அளவு சதை
நாவல்பழம் தின்ற நாக்கின் நிறத்தில்.

மெழுகில் பதித்து
மூன்று மைக்ரான் கனத்தில் சீவினேன்.
டாக்டர் ஸுவைனா வெகுநேரம்
லென்ஸிலிருந்து கண் எடுக்கவில்லை.
பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார்.
ஓரத்தில் பெரிய செல்கள், பழுப்பு மை சுமந்து.
நடுவில் சின்னஞ்சிறியவை, கடுகைக் கொட்டியதுபோல்.
"கருவில் இவை நடந்துபோகும்" என்றார்,
"நரம்பாக வேண்டியவை, நிறமாக வேண்டியவை.
சில வழியிலேயே தங்கிவிடும்."
எங்களைப் போலவா என்று கேட்க வந்தேன்.
கேட்கவில்லை.
குழந்தையின் தாடையை வைத்து
உவமை செய்யக் கூடாது.

இன்னும் நான்கு சாயம் போடச் சொன்னார்.
சிறுநீரும் சோதனைக்குப் போனது.
அவருடைய பணிக்காலத்தில் இது இரண்டாவது.
புற்று என்று சொல்ல முடியாது,
விட்டுவைக்கவும் முடியாது:
வாரத்துக்கு வாரம் வளரும்,
எலும்பைத் தின்னும்,
பல்லை அதன் இடத்திலிருந்து தள்ளும்.

நான்காம் நாள் கண்ணாடித் தகடு கேட்டு
தவசிமுத்து வந்தார்,
வேலூருக்கு அனுப்பி இன்னொரு கருத்து கேட்க.
சோஹாரில் அலுமினிய உலையில் வேலை.
சஹம், காபூரா, சுவைக், பர்கா
எல்லா ஊரிலும் நிறுத்திப்
பால் கொடுத்துக்கொண்டே வந்தார்களாம்.
"உறிஞ்சத் தெரியுது, பிடிக்கத்தான் வரல" என்றார்.
கையெழுத்துப் போடுகையில்
கைபேசியை என் பக்கம் திருப்பினார்.
ஆதிரை.
மூக்கடியில் உதடு ஒருபுறம் ஏறி,
சிரிப்பதுபோல் இருந்தாள்.
சிரிப்பில்லை அது.
"கருப்பா இருக்குமா சார், உள்ள?"
எனக்குப் பதில் சொல்ல அனுமதி இல்லை.
ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன்.

வேலூரும் அதையே சொன்னது.

அறுவை முடிந்து
முழுதாக வந்தபோது
எலும்பும் இருந்தது கூட.
எலும்பை அப்படியே வெட்ட முடியாது,
அமிலத்தில் ஊறிச்
சுண்ணாம்பை விட வேண்டும்.
காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம்
ஊசியால் குத்திப் பார்த்தேன்.
பச்சை எலும்பு, சீக்கிரம் இளகியது.
ஓரங்களுக்கு மை பூசி
ஒவ்வொன்றாகச் சீவினேன்:
சுத்தம்.
சுத்தம்.
ஒரு மூலையில் மட்டும்
ஸுவைனா இன்னும் ஆழமாக வெட்டச் சொன்னார்.
அன்று மதியம் யாரும் சாப்பிடப் போகவில்லை.
அதுவும் சுத்தம்.

நடுவே, கட்டிக்குள் சிக்கி,
ஒரு பல் மொட்டு.
அரிசி நொய் அளவு.
முளைக்கத் தயாராக இருந்தது.

திரும்பி வருமா?
வந்தால் பெரும்பாலும் முதல் வருடத்துக்குள்.
பூங்கொடி, அவள் அம்மா, ஸ்பூனால் பால் புகட்டுகிறாளாம்,
அண்ணத்தில் நகத்தளவு தகடு வைத்திருக்கிறார்களாம்.
இதெல்லாம் வார்டிலிருந்து காற்றுவாக்கில் வருவது.
பிழைத்தவர்கள் என் மேசைக்கு வருவதில்லை.
இந்த வேலையில் நல்ல சேதி என்பது
வராத குப்பி.
காலையில் வந்ததும் பட்டியலில் அந்த எண்ணைத் தேடுவேன்.
இல்லை.
தேநீர் போடப் போவேன்.

ஒருநாள் ஸுவைனா சொன்னார்,
இங்கே விழுந்த பல்லைச்
சூரியனைப் பார்த்து எறிவார்களாம்:
கழுதைப் பல்லை எடுத்துக்கொள்,
மானின் பல்லைத் தா.
நாங்கள் கூரைமேல் எறிவோம் என்றேன்.
இரண்டு பேரும் ஏனோ
அலமாரியைப் பார்த்தோம்.

மெழுகுக் கட்டிகளைப்
பல வருடம் பத்திரமாக வைத்திருப்பது விதி.
மூன்றாம் இழுப்பறை, இடப்பக்கம்.
அவளுக்கு முளைக்காத பல்
என்னிடம் இருக்கிறது.